ஸ்பிரிங்கு மேல ஏறினா என்ன ஆகும்? ஞாயிறு கேம் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடியில் ஞாயிறு காலைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீடியோ கேம் செய்யச் சொல்லித் தருகிறேன். காடோ (Godot) என்ற இலவச எஞ்சினில், அதாவது கேம் செய்கிற மென்பொருளில்தான் செய்கிறோம். பாதிப் பேர் கொண்டுவருவது அண்ணனோ அக்காவோ பிளஸ் டூவில் வாங்கிய அரசு மடிக்கணினி. எல்லாரும் முதலில் செய்வது ஓடித் தாவுகிற ஆட்டம். மூன்றாவது வாரம் யாராவது ஒருவர் அதில் ஸ்பிரிங் வைப்பார். அடுத்த வாரம் எல்லார் ஆட்டத்திலும் ஸ்பிரிங் இருக்கும், எல்லாருக்கும் சந்தேகமும் இருக்கும். ஒரே பதிலைப் பத்து முறை வாய்ஸ் மெசேஜாக அனுப்புவதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, கேம்ல ஸ்பிரிங்குன்னா கரெக்டா எது? சுருள் கம்பி மாதிரி இருந்தாத்தானா?

உருவம் முக்கியமில்லை. தொட்டதும் உன் ஆளைத் தூக்கி எறிந்தால் அது ஸ்பிரிங்தான். சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3-ல் (1988) இசைக்குறி வரைந்த வெள்ளைக் கட்டை அந்த வேலையைச் செய்யும். டாங்கி காங் கன்ட்ரியில் (1994) டயர். போனில் பலரும் ஆடிய டூடுல் ஜம்ப்பில் (2009) சின்னச் சுருள் கம்பியும் இருக்கிறது, டிராம்போலினும் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. உன் ஆள் சொந்தக் காலால் எட்ட முடியாத உயரத்துக்கு அவை கொண்டுபோகும், அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்துக்கு. முதல் தடவை மேல்மாடிக்கு ஏற்றிய ஸ்பிரிங், ஐம்பதாவது தடவையும் அதே மாடிக்கு ஏற்ற வேண்டும். ஆடுபவர் அதை நம்பித்தான் கால் வைக்கிறார். கீழே நான் சொல்லப்போகிற எல்லாமே இந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது பற்றித்தான்.

ஆரம்பத்தில் ஸ்பிரிங் நண்பனாகக்கூட இல்லை. 1981-ல் வந்த டாங்கி காங்கில், லிஃப்டுகள் ஏறி இறங்கும் கட்டத்தில், மேல் தளத்தில் ஸ்பிரிங்குகள் துள்ளிக்கொண்டே வந்து ஓரத்தில் கீழே விழும். அடிபட்டால் ஒரு உயிர் போகும். நான்கே வருடத்தில் அதே நிறுவனம் (நின்டெண்டோ) அதே ஆளை, மரியோவை, ஸ்பிரிங் மேல் ஏற்றி அனுப்பியது.

நிஜ ஸ்பிரிங் மாதிரியே வேலை செய்யுமா?

செய்யாது. இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

என் அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஸ்பிரிங் என்றாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது ரயில் பெட்டிக்கு அடியில் இருக்கிற தடித்த இரும்புச் சுருள்கள்தான். சக்கர அச்சுக்குப் பக்கத்தில் ஒரு தொகுதி, பெட்டியின் பாரத்தைத் தாங்க இன்னொரு தொகுதி. தண்டவாளத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அதன் வேலை. வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்தால் பெட்டி துள்ளிக்கொண்டே போகும். அதனால் கூடவே எண்ணெய் நிரப்பிய தணிப்பான்களும் இருக்கும், அவை துள்ளலைச் சாகடிக்கும். பயணிகளைக் குதிக்க விடாமல் பார்த்துக்கொள்கிற ஸ்பிரிங் அது. நாம் செய்வது நேர் எதிர்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் கணக்கில். நிஜச் சுருள்வில் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவுக்குத் திருப்பித் தள்ளும். 17-ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் சொன்ன விதி அது. கொடுத்ததைவிட அதிகம் அது ஒருநாளும் தராது. கேரம் போர்டை நினைத்துப் பார். கேரமில் உலக சாம்பியன் பட்டம் வென்ற இளவழகியின் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஸ்ட்ரைக்கரை மெதுவாகத் தட்டினால் ஓரக் கட்டையில் பட்டு மெதுவாகத் திரும்பும், வேகமாக அடித்தால் வேகமாகத் திரும்பும்.

கேம் ஸ்பிரிங் இதைப் பார்ப்பதே இல்லை. உன் ஆள் ஒரு படியிலிருந்து இறங்கி வந்தாலும் சரி, பத்து மாடியிலிருந்து விழுந்தாலும் சரி, அவன் வேகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஸ்பிரிங் தன்னுடைய வேகத்தை அங்கே எழுதும். கூட்டாதே, எழுது. "இருக்கிற வேகத்தோடு 800 சேர்" என்று போட்டவர்களுக்குத்தான் ஒரு தடவை மேற்கூரையிலும் ஒரு தடவை முழங்கால் உயரத்திலும் போகும்.

எவ்ளோ நம்பர் போட்டா எவ்ளோ உயரம் போகும்?

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் இயக்கம் பாடத்தில் படித்த சமன்பாடுதான். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கு, வந்ததை ஈர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகு. கிடைப்பது உயரம்.

காடோவில் ஈர்ப்பு தானாகவே 980 என்று இருக்கும். அது கொடுக்கிற மாதிரி நிரலில் தாவும் வேகம் 400. இரண்டையும் போட்டால் சுமார் 82 பிக்சல். ஸ்பிரிங்குக்கு இருமடங்கு, 800 போட்டால்? 164 என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். வருவது சுமார் 327. வேகம் இரண்டு மடங்கு, உயரம் நான்கு மடங்கு. இருமடங்கு உயரம்தான் வேண்டும் என்றால் 400-ஐ 1.41-ஆல் பெருக்கு, 566 போதும்.

பெரிய ஆட்டம் எப்படி அளந்திருக்கிறது என்று பார்க்க சோனிக் (1991) நல்ல உதாரணம். அதில் கணக்கு ஒரு பிரேமுக்கு, அதாவது திரையில் வந்து மறைகிற ஒரு படத்துக்கு; வினாடிக்கு 60 பிரேம். ஈர்ப்பு 0.21875. சோனிக் தாவும் வேகம் 6.5, மஞ்சள் ஸ்பிரிங் 10, சிவப்பு ஸ்பிரிங் 16. உயரமாக மாற்றினால் தாவல் ஏறக்குறைய 97 பிக்சல், மஞ்சள் 229, சிவப்பு 585. சோனிக் ஓடிய கேம் பெட்டியான மெகா டிரைவின் திரை உயரம் 224 பிக்சல். அதாவது மஞ்சள் ஒரு திரை உயரம் தூக்கும், சிவப்பு இரண்டரைத் திரைக்கு மேல். நிறத்தைப் பார்த்ததுமே எங்கே போகப்போகிறோம் என்று ஆடுபவருக்குத் தெரிந்துவிடும். உன் ஆட்டத்திலும் இரண்டு பலம் வைத்தால் இரண்டு நிறம் வை. ஒரே நிறத்தில் இரண்டு பலம் வைப்பது ஏமாற்று.

மைனஸ் ஏன் போடணும்?

கணினித் திரையில் மேல் ஓரம் பூஜ்யம், கீழே போகப் போக எண் கூடும். அதனால் மேலே போவது மைனஸ். ஸ்பிரிங் மேல் ஏறியதும் ஆள் பூமிக்குள் புதைந்தால் முதலில் இந்தக் குறியைப் பார்.

ஸ்பிரிங்கு மேல நின்னா அதுவே தூக்கணுமா, நாம ஜம்ப் பட்டன் அமுக்கணுமா?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இதற்கு இரண்டு வழி இருக்கிறது, இரண்டிலும் ஆட்டத்தின் குணமே மாறிவிடும்.

முதல் வழி, 1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ். சின்ன வயதில் மாமா பர்மா பஜாரில் வாங்கி வந்த டிவி கேமில் நான் ஆடியது. 2-1 என்ற கட்டத்தில் கடைசிப் பக்கம் ஒரு உயரமான சுவர், அதற்கு முன்னால் ஒரு குதிபலகை. ஏறினால் பலகை அமுங்கும், திரும்ப எழும். சும்மா நின்றால் கொஞ்சமாகத் தள்ளிவிடும், அவ்வளவுதான். அது அமுங்கி எழுகிற சரியான நேரத்தில் பட்டனை அமுக்கினால்தான் சுவருக்கு மேலே பறக்கும். நானும் பக்கத்து வீட்டு அக்காவும் அந்தப் பலகையிலேயே ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தோம். ஒரு தடவை அவள் சரியாக அமுக்கினாள், மரியோ திரையின் மேல் ஓரத்தைத் தாண்டிப் போனான், இரண்டு பேரும் கத்தினோம். அங்கே ஸ்பிரிங் என்பது ஒரு வித்தை. கற்றுக்கொண்டால் கிடைக்கிற பரிசு.

இரண்டாவது வழி சோனிக். தொட்ட அந்தக் கணமே எறிந்துவிடும். எந்த பட்டனும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். ஓடுகிற ஓட்டம் நிற்கக் கூடாது என்பதுதான் அந்த ஆட்டத்தின் உயிர். ஸ்பிரிங் அங்கே வித்தை இல்லை, பாதை.

உன் முதல் ஆட்டத்துக்கு சோனிக் வழியை எடு. மரியோ வழியில் பட்டனை அமுக்கக் கிடைக்கிற நேரம் எத்தனை பிரேம் இருக்க வேண்டும் என்று பலரை ஆடவைத்துத் திருத்த வேண்டியிருக்கும். கொஞ்சம் குறுகினாலும் ஆடுபவர் தன் தப்பு என்று நினைக்க மாட்டார், உன் ஸ்பிரிங் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைப்பார்.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. தொட்டதும் தானாக எறியட்டும், பட்டனை அமுக்கிப் பிடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் உயரம் போகட்டும். குறைந்தபட்ச உயரம் அடுத்த தளத்துக்குப் போதுமானதாகவும், அதிக உயரம் ஒரு ரகசிய இடத்துக்குப் போதுமானதாகவும் வைத்தால் புதிதாக ஆடுபவரும் தேர்ந்தவரும் அதே ஸ்பிரிங்கில் ஆளுக்கொரு சந்தோஷம் அடைவார்கள்.

என் ஸ்பிரிங்கு சில நேரம் பாதி உயரம்தான் போகுது. ஏன்னே தெரியலக்கா.

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, பட்டனை விட்டால் தாவல் குறைகிற வசதியை நாலாவது வாரம் சேர்த்தோமே, அது. ஆள் மேலே போய்க்கொண்டிருக்கும்போது பட்டனிலிருந்து விரல் எடுத்தால் வேகத்தைப் பாதியாக்கு என்று எழுதினோம். அந்த வரிக்கு இது தாவலா ஸ்பிரிங்கா என்று தெரியாது. ஆடுபவர் ஸ்பிரிங் மேல் தாவி விழுந்து, எழும்பும்போது விரலை எடுக்கிறார், உயரம் வெட்டுப்படுகிறது. "இப்போது தாவிக்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு மாறி (variable) வைத்து, ஸ்பிரிங் தொட்டதும் அதைப் பொய் (false) ஆக்கு. வெட்டுகிற வரி அந்த மாறியைப் பார்த்துவிட்டு வெட்டட்டும்.

இரண்டாவது, காயோட்டி டைம். விளிம்பைத் தாண்டி ஓடிவிட்ட பிறகும் ஒரு நொடித் துளி தாவ அனுமதிக்கிற சலுகை. செலஸ்ட் (2018) என்ற ஆட்டத்தில் அது 0.1 வினாடி. தரையில் ஓடி வந்து ஸ்பிரிங் தொட்டவர் பதற்றத்தில் ஜம்ப்பையும் அமுக்கினால், அந்தச் சலுகை இன்னும் உயிரோடு இருப்பதால் சாதாரணத் தாவல் நடந்து, 800-க்கு மேல் 400 எழுதப்பட்டுவிடும். ஸ்பிரிங் தொட்டதும் அந்த டைமரைப் பூஜ்யமாக்கு. செலஸ்டிலும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

மூன்றாவது, ஆள் கீழிருந்து தாவி மேலே போகிற வழியில் ஸ்பிரிங்கைத் தொட்டுவிடுவது. அப்போது அது பாதி வழியிலேயே வேலை செய்துவிடும். விழுந்துகொண்டிருந்தால் மட்டும், அதாவது செங்குத்து வேகம் பூஜ்யமோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும், எறி.

ரொம்ப மேலேர்ந்து வுழுந்தா ஸ்பிரிங்கு உள்ள பூந்து போய்ட்றான். பக்கத்துலேர்ந்து வுழுந்தா கரெக்டா இருக்கு.

பக்கவாட்டில் உரசினால் வேலை செய்யக் கூடாது என்று, "கால் ஸ்பிரிங்குக்கு மேலே இருந்தால் மட்டும்" என்று ஒரு நிபந்தனை போட்டிருப்பாய். எண்ணம் சரி. ஆனால் ஆள் வினாடிக்கு 1500 பிக்சல் வேகத்தில் விழுந்தால் ஒரு பிரேமில் 25 பிக்சல் நகர்கிறான். போன பிரேமில் கால் மேலே இருந்தது, இந்த பிரேமில் தொட்டுவிட்டான் என்று தெரியும்போது கால் ஏற்கெனவே ஸ்பிரிங்கின் மேல் ஓரத்துக்குக் கீழே போயிருக்கும். நிபந்தனை பொய்யாகிவிடும், அந்தரத்தில் மிதக்கிற ஸ்பிரிங் என்றால் அப்படியே கடந்து போவான்.

போன பிரேமில் கால் எங்கே இருந்தது என்று நினைவில் வைத்து அதைச் சோதி. விழும் வேகத்துக்கு ஓர் உச்ச வரம்பும் போடு. 900 போட்டால் போதும், ஆட்டத்துக்கும் நன்றாக இருக்கும்.

லெவல்ல எங்கே வைக்கிறது?

மேலே என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்துக்கு ஆளை எறியாதே. எறிந்தே ஆக வேண்டும் என்றால், அங்கே முள் இருக்கக் கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஸ்பிரிங் மேல் ஏறிய நொடியிலிருந்து ஆடுபவர் கையில் அதிகம் ஒன்றுமில்லை, நீதான் அவரைத் தூக்கிப் போகிறாய். 800 வேகத்தில் உச்சிக்குப் போகவே 0.8 வினாடி ஆகும். அந்த நேரம் முழுக்க அவர் உன் பொறுப்பு. பார்க்காத முள்ளில் கொண்டுபோய்க் குத்தினால் அடுத்த ஸ்பிரிங்கைப் பார்த்ததும் நின்று யோசிப்பார். ஆட்டத்தின் ஓட்டமே செத்துவிடும்.

போகிற வழியைக் காட்ட எளிய உபாயம் காசு. ஸ்பிரிங்குக்கு மேலே ஆள் போகப்போகிற வளைவிலேயே ஐந்தாறு காசு வை, கண் தானாக மேலே போகும். அடுத்த தளத்தின் அடிப்பக்கமாவது திரையில் தெரியட்டும். தளம் திரைக்கு வெளியே இருந்தால், ஸ்பிரிங் எறிந்ததும் கேமரா ஆளைத் துரத்தாமல் அவனுக்கு முன்னாலேயே மேலே நகரட்டும்.

போன பேட்ச்சில் ஒன்பதாவது படிக்கிற ஒருவன் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தையே ஒரு லெவலாகச் செய்தான். அவன் வீடு அங்கே பக்கத்தில். ஸ்பிரிங்குக்குப் பதில், படகுகள் உரசாமல் இருக்க ஓரத்தில் கட்டித் தொங்கவிடும் பழைய டயர்களை வைத்தான். டயர் மேல் விழுந்தால் அடுத்த படகின் மேல்தளத்துக்குப் போவான். யாரும் சொல்லித் தராமலே எல்லாருக்கும் புரிந்தது. டயரைப் பார்த்தாலே துள்ளும் என்று தோன்றுகிறது இல்லையா. அதன் பிறகு அவன் செய்ததுதான் அழகு. முதல் டயரைத் தண்ணீருக்கு மேல் வைக்காமல், மணல் மேல் வைத்தான். தவறினால் மணலில் விழுவாய், எழுந்து திரும்ப முயலலாம். இரண்டாவது டயருக்குக் கீழே ஆழமில்லாத நீர். மூன்றாவதுதான் கடல். ஒரு புது விஷயத்தை முதலில் ஆபத்தில்லாத இடத்தில் தொட்டுப் பார்க்க விடுவது என்று நான் மூன்று வகுப்பு பேசியதை அவன் மூன்று டயரில் சொல்லிவிட்டான்.

ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களை வரைந்துகொண்டு வந்த இன்னொரு பெண், இரண்டு தூணுக்கு நடுவில் நெருக்கமாக ஏழு ஸ்பிரிங் வைத்திருந்தாள். பார்க்க அருமையாக இருந்தது, ஆட முடியவில்லை. எல்லாமே எறிந்தால் எதுவும் எறிவதாகத் தோன்றாது. இரண்டாகக் குறைத்ததும் அந்தத் தூண்களின் உயரமே கண்ணுக்குத் தெரிந்தது.

சைடுல தள்ற ஸ்பிரிங்கு வைக்கலாமா?

வைக்கலாம். ஒன்றே ஒன்று கவனி. வலப்பக்கம் ஓடிக்கொண்டிருப்பவரின் விரல் வலது பட்டனிலேயே இருக்கும். ஸ்பிரிங் இடப்பக்கம் எறிந்தாலும் அந்த விரல் உடனே அவனைத் திரும்ப இழுத்துவிடும், ஸ்பிரிங்குக்குப் பலமே இல்லாதது போலத் தெரியும். சோனிக்கில் இதற்காகவே சுமார் கால் வினாடிக்கு இடது வலது பட்டன்களைக் கவனிக்காமல் விடுவார்கள். நீயும் அவ்வளவே செய், அதற்கு மேல் பூட்டினால் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும்.

அமுங்குற மாதிரி அனிமேஷன் போட்டேன், ஆனா ஸ்லோவா இருக்கு.

அனிமேஷன் முடியும்வரை எறியாமல் காத்திருக்கிறாய். முதலில் எறி, அமுங்குவதையும் நீளுவதையும் பிறகு காட்டு. ஆள் போய்விட்ட பிறகு ஸ்பிரிங் தன் நீளத்தைத் தாண்டி நீண்டு, இரண்டு முறை அசைந்து நின்றால் கண் தானே மிச்சத்தைக் கற்பனை செய்துகொள்ளும். சத்தமும் தொட்ட அதே பிரேமில் வர வேண்டும். ஒலிக் கோப்பின் தொடக்கத்தில் மௌனம் இருந்தால் வெட்டிவிடு, பலருக்கும் அங்கேதான் பிசகுகிறது.

டபுள் ஜம்ப் வெச்சிருக்கேன். ஸ்பிரிங்கு தொட்டா அது திரும்பக் கிடைக்கணுமா?

டபுள் ஜம்ப் என்றால் காற்றில் இருக்கும்போதே இன்னொரு முறை தாவுவது. கொடு. தரையைத் தொட்டால் எதெல்லாம் திரும்பக் கிடைக்குமோ, ஸ்பிரிங் தொட்டாலும் அதெல்லாம் கிடைக்கட்டும். செலஸ்டில் ஸ்பிரிங் தொட்டால் காற்றில் பாய்கிற டாஷும், சுவரைப் பிடிக்கிற தெம்பும் திரும்ப நிரம்பும். அதனால் அங்கே தரையே இல்லாமல் ஸ்பிரிங்கிலிருந்து ஸ்பிரிங்குக்கு ஒரு திரையைக் கடக்க முடிகிறது.

ஸ்பிரிங்கை நம்ம ஆளே கையில் எடுத்துக்கினு போலாமா?

தாராளமாக. சூப்பர் மரியோ வேர்ல்டில் (1990) தூக்கிப் போய் வேண்டிய இடத்தில் வைக்கிற ஸ்பிரிங் உண்டு. அப்போது அது புதிராகிவிடும், எங்கே வைப்பது என்பதே கேள்வி. இன்னும் ஒருபடி போனால் காலிலேயே ஸ்பிரிங்: டக்டேல்ஸில் (1989) ஸ்க்ரூஜ் என்ற வாத்து கைத்தடியை ஊன்றித் துள்ளுவார், கமாண்டர் கீனில் (1990) ஏறி நின்று துள்ளுகிற போகோ குச்சி. ஆனால் அதைச் செய்தால் உன் லெவலில் உள்ள எல்லாச் சுவரின் உயரத்தையும் மறுபடி அளக்க வேண்டும். முதல் ஆட்டத்துக்கு வேண்டாம்.

தமிழ்ல இதுக்கு என்ன பேர் போடுறது?

பாடப்புத்தகத்தில் சுருள்வில். அழகான சொல், ஆட்டத்தின் விளக்கத்தில் போடு. நிரலில் மாறிக்கு உனக்குப் பழகிய பெயரை வை.

மேடம், பையன் ஞாயித்துக்கிழமை முழுக்க இதுலயே இருக்கான். படிப்பு கெட்டுடாதா? (ஒரு அம்மா கேட்டது)

உங்கள் கவலை நியாயமானது. வகுப்பு இரண்டு மணி நேரம்தான், பரீட்சை மாதத்தில் நடத்துவதில்லை. அவன் நோட்டை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். ஸ்பிரிங் எவ்வளவு உயரம் போகும் என்று வேகத்தையும் முடுக்கத்தையும் வைத்து அவனாகப் போட்ட கணக்கு நான்கு பக்கம் இருக்கிறது, தப்பாகப் போட்டு அடித்துத் திருத்தியதும் சேர்த்து. அவனிடம் "இது ஏன் நாலு மடங்கு வருது?" என்று கேளுங்கள். அவன் சொல்லும்போது அவன் முகத்தைப் பாருங்கள்.

அடுத்த ஞாயித்துக்கிழமை என்ன எடுத்துனு வரணும்?

ஆட்டத்தின் கோப்பை பென் டிரைவில், சார்ஜர், நோட்டு. கூடவே உன் ஆட்டத்தை இதுவரை ஆடாத ஒருவர். தம்பி, தங்கை, தாத்தா, யாராக இருந்தாலும் சரி. அவர் கையில் கொடுத்துவிட்டு நீ பின்னால் நில். வாயைத் திறக்காதே. முதல் ஸ்பிரிங் முன்னால் அவர் எவ்வளவு நேரம் நிற்கிறார், இரண்டாவது முன்னால் எவ்வளவு நேரம் என்று மட்டும் நோட்டில் குறி.